யோபுவின் முறையீடு

எபிரேய வேதாகமத்தில் மனிதத் துன்பத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் பல உள. அவற்றுள் மலையகத் தோட்டங்களில் அதிகமாக எடுத்தாளப்படுவது யோபுவின் நூல். முழுமையாகப் படிக்கப்படாததும் அதுவே.

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் கிறிஸ்தவர்களின் மரண வீடுகளுக்குச் சென்றவர்கள் இதனை அறிவர். உபதேசியார் முதல் இரண்டு அதிகாரங்களின் கதையைச் சொல்வார். ஊத்ஸ் நாட்டுச் செல்வன் ஒருவன் ஒரே நாளில் மந்தைகளையும் வேலையாட்களையும், ஏழு ஆண்மக்களையும், மூன்று பெண்மக்களையும் இழக்கிறான். பின்னர் உடலெங்கும் கொப்புளங்கள் எழ, சாம்பலில் அமர்ந்து ஓட்டுத் துண்டினால் சுரண்டிக்கொள்கிறான். அப்போதும் இறைவனைக் குறைகூறாது பணிகிறான். இவ்வளவில் வேதம் மூடப்படும். மூன்றாம் அதிகாரத்தில் அதே மனிதன் வாய்திறந்து, தான் பிறந்த நாளையே சபிக்கிறான் என்பதையும், முப்பத்தோராம் அதிகாரம் வரை அவன் அடங்கவேயில்லை என்பதையும் சவப்பெட்டியைச் சூழ்ந்து நிற்போர்க்கு எவரும் சொல்வதில்லை. 42 அதிகாரங்கள் கொண்ட நூலில் இரண்டை மட்டும் படித்துவிட்டு அதற்குப் பொறுமையின் நூல் என்று பெயரிட்டு விட்டோம்.

நான் கிறிஸ்தவன் அல்லன். மாரியம்மன் கோயில் தேர் இழுத்து வளர்ந்தவன். எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவர்கள் வேதக்காரர்கள். அவர்கள் வீட்டில்தான் இந்நூலை முதன்முதலாகக் கண்டேன். பின்னர் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்தில் இலக்கியமாக அதனை மீண்டும் படித்தேன். 1854இல் தொடங்கப்பெற்ற திருச்சபைப் பணிக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர் வைத்தார்கள் என்பதை அப்போதுதான் அறிந்தேன். கோப்பித் தோட்டத்திற்கு ஆள் ஏறிய பாதையிலேயே வேதமும் ஏறியது. ஆனால் ஏறி வந்த நூல், அதனைக் கொண்டுவந்தோர் எல்லோருக்கும் உவப்பானதாக இருந்திருக்க முடியாது.

எபிரேய ஞானிகள் இறைவனின் ஆட்சியை எவ்விதச் சலுகையுமின்றி ஒப்புக்கொண்டவர்கள். நன்மைக்கு ஒரு தேவன், தீமைக்கு வேறொரு தேவன் என்று பங்கிட்டுத் தப்பித்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. ஒளியும் இருளும் ஒருவன் கையிலிருந்தே வருகின்றன என்கிறது ஏசாயாவின் நூல். ஊரில் தீங்கு நேர்ந்தால் அதிலும் அவன் செயல் உண்டென்று கருதுகிறான் ஆமோஸ். இத்தகைய நம்பிக்கை உடையவனுக்குத் துன்பம் வரும்போது கேள்வி இருமடங்கு கூர்மையாகிறது. முறையிட வேண்டிய இடமும் குற்றம் சாட்ட வேண்டிய இடமும் ஒன்றாகிவிடுகின்றன. யோபு செய்வது அதுதான். தன் வழக்கை இறைவனிடமே, இறைவனுக்கு எதிராகவே அவன் எடுத்துச் செல்கிறான்.

இந்தத் துணிவு தமிழுக்கு அந்நியமானதன்று. பார்வை இழந்த சுந்தரர் சிவனோடு வாதாடியதைப் பெரியபுராணம் மறைக்கவில்லை. இரந்துதான் உயிர் வாழ வேண்டும் என்ற நிலை உலகில் இருக்குமாயின், அதனைப் படைத்தவனையே சபிக்க வள்ளுவர் தயங்கவில்லை. இரவச்சம் என்னும் அதிகாரத்தை மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம் அவ்விடத்தில் நான் சற்று நின்றுதான் செல்வேன்.

யோபுவுக்கு ஆறுதல் கூற மூன்று நண்பர்கள் வருகின்றனர்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். ஏழு நாள் அவர்கள் பேசாது உடனிருந்தார்கள். அவர்கள் செய்த நன்மை அவ்வளவே. பேசத் தொடங்கியதும் அவர்கள் கூறியதன் சாரம் இது: இறைவன் நீதியுள்ளவன், நீ துன்பப்படுகிறாய், ஆகவே நீ பாவம் செய்திருக்கிறாய். தர்க்கத்தில் பிழையில்லை, உண்மையில்தான் பிழை. முன்வினை என்று நாம் கூறுவதும் தலையெழுத்து என்று எங்கள் அம்மாயி கூறியதும் இதே வாதத்தின் வேறு உருவங்கள் அல்லவா? நூலின் முடிவில் இறைவன் சினம் கொள்வது இந்த நண்பர்கள் மேல்தான். தன்னைத் தற்காத்துப் பேசியவர்கள் சரியாகப் பேசவில்லை. தன்னை எதிர்த்துக் கேட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்று அவன் தீர்ப்பளிக்கிறான். அதற்குமேல், அவர்களுக்காக யோபுவே வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் கட்டளையிடுகிறான். இந்தத் தீர்ப்பைக் குறித்து ஒரு பிரசங்கத்தையும் நான் கேட்டதில்லை.

அம்மாயியின் தமக்கை குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா சென்றது. அதன்பின் உடன்பிறந்தோர் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "கடவுள் எழுதுன எழுத்துய்யா, அத யாரு அழிக்கிறது?" என்பாள் அம்மாயி. அந்த எழுத்துக்குத் திகதி உண்டு, கையெழுத்தும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கெடுத்துப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்பது முடிவு. 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாக வகுத்தார்கள். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. யோபுவின் முதலதிகாரத்தில் விண்ணவர் அவை ஒன்று கூடுகிறது. அங்கே அவனைப் பற்றி ஒரு பந்தயம் பேசப்படுகிறது. கீழே இருக்கும் யோபுவுக்கு அது இறுதிவரை தெரிவிக்கப்படுவதேயில்லை. அந்த அவைக்காட்சியைப் படிக்குந்தோறும் எனக்குப் புதுடில்லி நினைவுக்கு வருகிறது. யோபுவுக்கு இருந்த ஒரு வசதி அம்மாயிக்கு இல்லை. தன் வழக்கு யார் மேல் என்பதாவது அவனுக்குத் தெரிந்திருந்தது.

யோபு தன் துன்பத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். இருபத்துநான்காம் அதிகாரத்தில் அவன் பிறருக்காகப் பேசத் தொடங்குகிறான். எல்லைக்கல்லை நகர்த்தி நிலம் பறிப்போர், பசியோடு பிறர் கதிர்க்கட்டைச் சுமப்போர், ஆலையில் திராட்சை மிதித்தும் தாகம் தீராதோர் ஆகியோரின் நிலையைச் சொல்லி, இதனைக் கண்டும் இறைவன் ஏன் வாளாவிருக்கிறான் என்று கேட்கிறான். முப்பத்தோராம் அதிகாரத்தில், தன் வேலைக்காரனின் முறையீட்டைத் தான் புறக்கணித்ததில்லை என்றும், இருவரையும் கருவில் உருவாக்கியவன் ஒருவனே என்றும் ஆணையிடுகிறான். விலை கொடாது நிலத்தின் பலனை உண்டிருந்தால் அந்நிலமே தனக்கெதிராகக் கதறட்டும் என்கிறான். தேயிலை மலையில் இதற்கு உரை தேவையில்லை. குறித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கை அறிந்தவர்கள் நாங்கள். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளிவந்தது. பல தோட்டங்களில் ஒரு பேருக்குரிய கிலோ உயர்ந்தது.

பின்னர் மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மீண்டும் மலைகள் சரிந்தன. இம்முறையும் கடவுளின் செயல் என்ற சொற்றொடர் எங்கும் கேட்டது. அச்சொல் பக்தனுக்கும் பயன்படுகிறது, இழப்பீட்டுக் கணக்கனுக்கும் பயன்படுகிறது. சுழல்காற்றிலிருந்து யோபுவுக்கு மறுமொழி சொல்லும் இறைவன் மழையைப் பற்றி நிறையப் பேசுகிறான். மனிதர் இல்லாத வனாந்தரத்திலும் தான் மழை பெய்விப்பதாகக் கூறுகிறான். ஆனால் யோபு செய்த பாவம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மழை அவனுடையதென்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சரிவில் லயத்தைக் கட்டியது யார்? எச்சரிக்கை வந்த பின்னும் மக்களை அங்கேயே இருக்க விட்டது யார்?

இந்நூலை நான் குறையற்றதாகக் கருதவில்லை. வகுப்பில் ஒருமுறை இக்கதையைச் சொன்னபோது, கொழுந்து பறிக்கும் தாயின் மகளொருத்தி எழுந்து, "சேர், செத்துப்போன வேலையாட்களுக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டாள். நூலை மீண்டும் புரட்டினேன். முதலதிகாரத்தில் அவர்கள் வாளாலும் நெருப்பாலும் மடிகிறார்கள். இறுதியில் ஆடுகள் ஏழாயிரம் பதினாலாயிரமாகின்றன, ஒட்டகங்கள் மூவாயிரம் ஆறாயிரமாகின்றன, மக்கள் பதின்மரும் மீண்டும் பிறக்கிறார்கள். வேலையாட்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த பிள்ளைகள் ஈடாவார்களா என்று உரைகாரர்கள் கேட்டிருக்கிறார்கள். இச்சிறுமியின் கேள்வியை அவர்களிடம் நான் கண்டதில்லை. அவளிடம் உள்ளதை உள்ளவாறே சொன்னேன்: நூல் அவர்களை மறந்துவிட்டது.

ஆயினும் அதே கடைசி அதிகாரத்தில் வேறொரு செய்தி உண்டு. பிற்காலத்தில் பிறந்த ஆண்மக்கள் எழுவரின் பெயர்களை நூல் கூறவில்லை. பெண்மக்கள் மூவரின் பெயர்களையும் கூறுகிறது. அவர்களின் சகோதரருக்கிடையே தகப்பன் அவர்களுக்கும் சுதந்தரம் கொடுத்தான் என்கிறது. பழந்தமிழ் வேதாகமத்தில் சுதந்தரம் என்றால் சொத்துரிமை. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். 2023இல், எம் மக்கள் வந்து இருநூறு ஆண்டுகளான நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களின் கோரிக்கைகளுள் காணியுரிமையும் ஒன்று. இன்றும் பெரும்பாலான லயத்துக் காம்பராக்களுக்கு உறுதி கிடையாது.