ஏலமும் ஏஜென்டும்

காய்க்கும் பெயர் ஏலம், விலை கேட்டு விற்பதற்கும் பெயர் ஏலம். போடிநாயக்கனூர் பக்கம் இது சிலேடை இல்லை, பிழைப்பு :-) சிலமலையிலிருந்து ஜீப்பில் மலையேறிக் காய் எடுக்கப் போகிறவர்களுக்கும் சரி, மேலே ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கும் சரி, அன்றைக்குப் போடியில் என்ன விலைக்குப் போனது என்பதுதான் பேச்சு.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. இப்போது எங்கே திரும்பினாலும் 'ஏஜென்ட்'. ஒருவருக்காகத் தானே தேடி, பேரம் பேசி, வாங்கி விற்கும் மென்பொருள். ஒரு ஏஜென்ட் இன்னொன்றை எங்கே போய்த் தேடும்? கிடைத்தபின் எந்த பாஷையில் பேசும்? இதற்காக 2025 ஏப்ரலில் கூகுள் 'ஏ-டு-ஏ' என்ற நெறிமுறையை வெளியிட்டு, ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது. அதன்படி ஒவ்வொரு ஏஜென்டும் விசிட்டிங் கார்டு மாதிரி ஒன்று வைத்திருக்கும். பெயர், முகவரி, என்ன வேலை தெரியும், பேச வருகிறவர் என்ன அடையாளம் காட்ட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும்.

கார்டு யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே!

2000-ல் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்றும் சேர்ந்து 'யுடிடிஐ' என்று கம்பெனிகளின் இணையச் சேவைகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு ஆரம்பித்தன. 2006 ஜனவரியில் அந்தப் பொதுப் பதிவேட்டை மூடிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர் பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டு யார் சரக்கு அனுப்புவார்கள்?

போடியில் இந்தக் கேள்விக்கு என்றைக்கோ பதில் சொல்லியாகிவிட்டது. 1987-ன் ஏலக்காய் விதிகளின்படி ஏலம் நடத்துகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும், வாங்குகிற வியாபாரிக்கும் லைசென்ஸ் வேண்டும். 2007-ல் ஸ்பைசஸ் போர்டு போடியில் மின்னணு ஏலம் கொண்டுவந்தது; மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புற்றடியிலும் அது நடக்கிறது. வியாபாரி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார். ஆள் யார் என்பது பதிவேட்டில், சரக்கு எவ்வளவு என்பது லாட் எண்ணில், எப்படி இருக்கிறது என்பது கையில் கொடுத்த சாம்பிளில். ஏஜென்ட்களுக்கு இன்று கட்டிக்கொண்டிருப்பதில் முக்கால்வாசி இதுதான்!

இந்தியாவில் இதன் பெரிய வடிவம் ஓஎன்டிசி. 2022 ஏப்ரலில் கோவை உட்பட ஐந்து நகரங்களில் சோதனையாக ஆரம்பித்தது. 'பெக்கன்' என்ற நெறிமுறையில் ஓடுகிறது. வாங்குகிறவரின் ஆப் "இன்ன ஊரில் இன்ன பொருள் வேண்டும்" என்று கேட்வேயிடம் கேட்கும். அது பதிவேட்டைப் பார்த்து, பொருத்தமான விற்பனை ஆப்களுக்கெல்லாம் கேள்வியை அனுப்பும். அவை வாங்குகிறவரின் ஆப்புக்கே பதில் சொல்லும். அதன்பின் நடக்கும் பேச்சில் கேட்வே தலையிடாது. ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும்; அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி பதிவேட்டில் இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவேட்டில் ஏறுவது நிறுவனங்கள்தான். இரண்டு ஏக்கர்காரர் ஏதோ ஒரு விற்பனை ஆப்பின் தயவில்தான் உள்ளே வர முடியும். இன்றைக்கு உள்ளூர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் காய் அவருக்குத்தான் போகிறது. நாளைக்கு அந்த இடத்தில் ஒரு ஆப் உட்கார்ந்துகொண்டால் தரகர் ஒழியவில்லை, தரகர் மாறியிருக்கிறார். வியாபாரி வீட்டு வாசலிலாவது போய் நிற்கலாம். ஏஜென்ட் அடிமாட்டு விலைக்கு ஒத்துக்கொண்டு வந்தால் எந்த வாசலில் நிற்பது? விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவேட்டில் ஏறினால் கதை வேறு. எந்த விலைக்குக் கீழே தலையாட்டக் கூடாது என்று அவர்களே எழுதி வைக்கலாம்.

இன்னொன்று, நிறம். காய் பச்சையா, வெளிறிப் போனதா, சாயம் ஏற்றியதா? கார்டில் "நல்ல பச்சை" என்று எழுத எந்த ஏஜென்டுக்கும் கூச்சம் இருக்காது. 2021-ல் போடி, புற்றடி இரண்டு ஊர் வியாபாரிகளும் ஒரே நேரத்தில் ஒரே ஏலத்தில் கேட்கும்படி இணைத்தார்கள். விலை ஒரு நொடியில் மலையைத் தாண்டிவிடுகிறது. சாம்பிள் மட்டும் இன்னும் ரோட்டு வழியாகத்தான் போக வேண்டும், முகர்ந்து பார்க்க.