சுங்கை பூலோ: சேற்றுக்குள் ஒரு கணக்கு

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி 925 எண் பேருந்தில் ஏறுங்கள். சிறிது நேரத்தில் அடுக்குமாடிகள் மறைந்து மரங்கள் சூழ்ந்துவிடும். 2002இல் இயற்கை வனக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சுங்கை பூலோ சதுப்புநிலம் அங்கேதான் இருக்கிறது. ஜோகூர் நீரிணைக்கு அப்பால் ஜோகூர் பாருவின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும்.

பிள்ளைகளுடன் செல்வோர் கடல் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போவது நல்லது. அப்போதுதான் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். அவற்றில் சிறு மீன்கள் தத்தித் தாவும். நண்டுகள் வளைகளிலிருந்து எட்டிப் பார்க்கும். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்து வரும் உள்ளான்கள், நீண்ட அலகால் சேற்றைக் கிளறிப் புழுக்களைத் தேடும்.

இந்தச் சேறு எப்படி உருவாகிறது? கடலைச் சேரும் இடத்தில் ஆற்றின் வேகம் தணிகிறது. அது சுமந்து வந்த நுண்மண் அடியில் படிகிறது. கண்டல் மரங்களின் வேர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆனால், வேர்களுக்கு மண்ணும் நெகிழியும் ஒன்றுதான். ஒதுங்கிய பையும் போத்தலும் வெயிலிலும் அலையிலும் நொறுங்கி, 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாகிச் சேற்றோடு கலந்துவிடுகின்றன.

சிங்கப்பூர்க் கண்டல் காடுகள் ஏழின் சேற்றைச் சோதித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. ஏழிலும் நுண்நெகிழி இருந்தது. ஆக அதிகமாக இருந்த இடம், சுங்கை பூலோவுக்கு அருகிலுள்ள லிம் சூ காங். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத இழைகள். கயிறு, வலை, துணி போன்றவற்றில் பயன்படும் நைலானும், பைகளில் பயன்படும் பாலிஎத்திலீனும் அவற்றில் இருந்தன.

லிம் சூ காங் கரையில் தொண்டூழியர்கள் மூட்டை மூட்டையாகக் குப்பை அள்ளுகிறார்கள். பார்வைக்கு அழகு சேர்க்கும் வேலையாக அதை நினைத்துவிட வேண்டாம். முழுதாக இருக்கும் போத்தலை ஒருவர் குனிந்து எடுத்துவிடலாம். அதுவே துகளாகிவிட்டால் சேற்றையே அள்ளிச் சலிக்க வேண்டும். அப்படிச் சலித்தால் புழுவும் நண்டும் போய்விடும். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் உள்ளானுக்கு இரை இருக்காது.

ஆகவே, காப்பாற்றக் கிடைக்கும் நேரம் பொருள் நொறுங்குவதற்கு முன்புதான். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே தண்ணீர்ப் போத்தலை எடுத்துச் செல்லுங்கள். மறக்காமல் திரும்பவும் கொண்டு வாருங்கள்.