தரைக்குள் ஒரு தரை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

மண் தரையில் பிறந்து மண் தரையில் வளர்ந்தவன் நான். ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் வீட்டில் ஆயாதான் சாணம் கரைத்துத் தரையை மெழுகுவார். பெயர்ந்தால் மறுபடியும் மெழுகிக்கொள்ளலாம், யாரையும் கேட்கவேண்டியதில்லை. அப்படிப்பட்டவன் ஓடு பதித்த தளத்தைப் பற்றி எழுத வந்திருப்பதைக் கண்டு நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! சென்ற கோடை விடுமுறையில் 11 நாட்கள் என் கண்ணும் கையும் அந்தத் தளத்தை விட்டு அகலவில்லை.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு பழைய கட்டடம். யாருடையது என்பது இங்கே வேண்டாம். அதன் கூடத்தில் செந்நிறச் சதுர ஓடுகள் பதித்திருந்தார்கள். எப்போதோ ஒருவர் அவற்றின்மேல் அரை அங்குலத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டார். சிமெண்ட் தரைதான் நாகரிகம் என்றிருந்த காலமாக இருக்கவேண்டும். இன்று அந்தச் சிமெண்டும் வெடித்துக் கிடந்தது. அனைத்தையும் உடைத்தெறிந்துவிட்டுப் பளபளப்பான புது டைல்ஸ் போட்டுவிடலாம் என்றார் உடைமையாளர். கொத்தனாரான என் மாமா, "கீழே இருக்கிற ஓட்டை எடுத்துத் தரேன், பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். நிபந்தனை கடுமையானது. மூன்று நாளில் ஒரு மூலையைச் சுத்தம் செய்து காட்டவேண்டும். ஓடுகள் உடைந்துபோனால் மூன்று நாள் கூலி கிடையாது. நான்காம் நாள் சம்மட்டி வந்துவிடும். இதைக் கேட்டதும் நானும் கையாளாகக் கிளம்பிவிட்டேன்.

மாமாவுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? சாலை வராத காலத்தில் அந்த ஓடுகள் அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக மலையேறின. சுமந்தவர்களில் என் ஆயாவின் தகப்பனாரும் ஒருவர். "சுமந்தது எங்கப்பன். உள்ளே போயி ஒருநாள் மிதிச்சதில்லே" என்று ஆயா சொல்லுவார். கோபமாகச் சொல்லமாட்டார், சாமை குத்திக்கொண்டே சொல்லுவார்.

வாசற்படி ஓரத்தில் தளர்ந்திருந்த ஓர் ஓட்டைப் பெயர்த்துத் திருப்பினோம். மங்களூர் என்ற ஆங்கில எழுத்துகள் பாதி தேய்ந்து தெரிந்தன. 1865ஆம் ஆண்டு பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். அதைப் பின்பற்றிப் பல தொழிற்சாலைகள் எழுந்தன. மங்களூர் ஓடு என்ற பெயர் நாடெங்கும் பரவியது. எங்கள் கையிலிருந்தது எந்தத் தொழிற்சாலையின் ஓடு என்று அந்தத் தேய்ந்த எழுத்துகள் சொல்லவில்லை. ஆயினும் சுட்ட களிமண் என்பது உறுதியாயிற்று. எங்கள் வேலைக்கு அதுதான் முக்கியம்.

ஏனென்றால், முதல் நாளே ஒருவர் ஆசிட் கேனுடன் வந்து நின்றார். ஊற்றினால் ஒரே நாளில் தீர்ந்தது என்றார். மாமா என்னைப் பார்த்தார். "நீதானேடா கெமிஸ்ட்ரி படிக்கிற. சொல்லு!"

நம் ஆய்வகத்தில் பியூரெட்டில் ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் அந்தக் கேனிலும் இருந்தது. இறுகிய சிமெண்டில் கால்சியம் சிலிக்கேட்டும் சுண்ணாம்பும் இருக்கின்றன. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கார்பனேட்டாகிறது. அமிலத்தில் கார்பனேட் நுரைத்துக் கரையும், மற்றவையும் சிதையும். சுட்ட களிமண் அவ்வளவாக அசையாது. இதுவரை கேன்காரர் கட்சியே வலுவானது. ஆனால் ஓடுகளின் இடுக்குகளை அடைத்திருந்ததும் பழைய சுண்ணாம்புச் சாந்துதான். மேலே உள்ள சுண்ணாம்பு வேண்டாதது, இடுக்கில் உள்ளது வேண்டியது என்று அமிலத்துக்குத் தெரியுமா? மேலும், உலர்ந்த ஓடு அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே தங்கும் குளோரைடு உப்பு பிறகு ஈரத்தோடு மேலேறி வெண்மையாகப் பூக்கும். ஓட்டின் மேல்தோலையும் உதிர்க்கும். இதைச் சொன்னேன். கேன் திரும்பிப் போயிற்று. (காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லென்றால் இவ்வளவு பேச்சே தேவையில்லை. அது சுடாமல் சிமெண்டிலேயே செய்வது. அமிலம் பட்டால் பூவேலையெல்லாம் போய்விடும். கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான். வீட்டில் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கமுள்ளவர்கள் கவனிக்க!)

என் வேதியியல் அத்துடன் ஓய்ந்தது. பிறகு நடந்தது மாமாவின் காது. உளியின் பின்புறத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் 'டங்' என்றது. சில இடங்களில் 'டொப்' என்றது. 'டொப்' என்ற இடமெல்லாம் பிடிப்பு விட்ட இடம். அங்கே சாக்பீஸால் வட்டமிட்டேன். வெடிப்பின் ஓரத்தில் பட்டை உளியைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, கொட்டாப்புளியால் மெல்ல மெல்லத் தட்டினார். உளியை நிமிர்த்திப் பிடித்தால் அடி ஓட்டில் இறங்கும். படுக்கவைத்தால் சிமெண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே நுழையும். கிரைண்டர் எந்திரத்தை அவர் தொடவிடவில்லை. அது சிமெண்டோடு ஓட்டின் முகத்தையும் சீவிவிடுமாம். நனைத்த கோணியை விரித்துத்தான் வேலை செய்தோம். சிமெண்ட் இளகுவதற்காக அல்ல, அது தண்ணீருக்கு இளகாது. தூசி எழாமல் இருக்க. முப்பது வருடத் தூசி மாமாவின் இருமலில் இருக்கிறது.

இரண்டாம் நாள் ஒரு விந்தையைக் கண்டோம். கூடத்தின் நடுவிலும் வாசலிலிருந்து உள்ளறைக்குப் போகும் வழியிலும் சிமெண்ட் அப்பளம்போல் கழன்று வந்தது. சுவரோரத்திலோ உடும்பாகப் பற்றியிருந்தது. யோசித்தபோது காரணம் விளங்கிற்று. ஆட்கள் நடந்து நடந்து வழவழப்பாகி, கால் எண்ணெயும் அழுக்கும் துளைகளை அடைத்த இடத்தில் சிமெண்டுக்குப் பிடி கிடைக்கவில்லை. யாரும் மிதிக்காத இடத்தில் துளைகள் திறந்தே இருந்தன, சிமெண்ட் வேர்விட்டுக்கொண்டது. அதாவது, அந்தக் கூடத்தில் யார் யார் எந்த வழியாக நடந்தார்கள் என்று உளியே காட்டிக்கொடுத்தது. ஆயாவின் தகப்பனாருடைய காலடி அதில் இல்லை.

மூன்றாம் நாள் மாலை மூலையைப் பார்த்த உடைமையாளர், "மிச்சத்தையும் எடுங்க" என்றார். மாமா பீடி பற்றவைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய வெற்றி விழா!

பாளம் போனபின் சாம்பல்போல் ஒரு படலம் எஞ்சியது. புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார் ஆயா. பித்தளைக்குப் புளி சரி. சுண்ணாம்புக்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலம், எளிதில் கரையாத கால்சியம் டார்டரேட்டாகிப் படலத்தின் மேலேயே படிந்துவிடும். வினிகரிலிருந்து வரும் கால்சியம் அசிட்டேட்டோ நீரில் கரைந்து ஓடிவிடும். ஆகவே ஓட்டை முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்து, சாந்தில் படாமல் ஓடு ஓடாக வினிகரைத் துணியால் ஒற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, உடனே மூன்று முறை கழுவினோம். புளி வீணாகவில்லை, அன்று இரவு குழம்பாயிற்று.

312 ஓடுகளில் 9 உடைந்தன. ஏழு முன்பே விரிந்திருந்தவை என்று மாமா கணக்குச் சொல்லுவார். கடைசி நாள் ஆயாவை அழைத்துப்போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், ஓட்டைப் பார்க்கவில்லை. கூடத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "குளுகுளுன்னு இருக்குது" என்றார்.

வடக்குச் சுவரோரம் இரண்டு முழ நீளத்துக்குச் சிமெண்ட் இன்னும் இருக்கிறது. அங்கே ஓடு விடுவதாக இல்லை. உளியை நான் மறுபடி எடுத்தபோது மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "அது கெடக்கட்டும் விடுடா. அலமாரி வச்சா மறைஞ்சிடும்."