அடிஸ் அபாபாவில் ஒரு வெள்ளிக்கிழமை

பால், நெய்கூடத் தொடாத என் தங்கையை அழைத்துக்கொண்டு எத்தியோப்பியாவுக்குப் போகிறேன் என்றதும், "பட்டினி கிடக்கப் போகிறீர்கள்!" என்று பயமுறுத்தினாள் அம்மா. நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், இல்லையா?

அவ்வூர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாட்கள்; ஈஸ்டருக்கு முன் 55 நாள் தொடர் விரதம் வேறு. மாமிசம், முட்டை, பால், வெண்ணெய் எதுவும் ஆகாது. ஹோட்டலில் 'ட்சோம்' என்று சொன்னால் போதும், விரதச் சாப்பாடு வந்துவிடும்.

தாம்பாளம் அகலத்துக்கு ஒரு தோசை வந்தது! 'இஞ்சிரா' என்று பெயர். தெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து வார்க்கிறார்கள். மேலெல்லாம் நம் ஆப்பம் போலக் கண் கண்ணாக இருக்கும். புளிப்பு கொஞ்சம் தூக்கல்தான். அதன் மேலேயே காரப் பருப்பு, கோஸ், பீட்ரூட், கடலை மாவில் காய்ச்சிய 'ஷிரோ' எல்லாம் குவியல் குவியலாக.

மற்ற நாட்களில் ஜாக்கிரதை! அதே பருப்பில் மசாலா நெய்யை விட்டுவிடுவார்கள்.

பரிமாறிய அம்மாள் இஞ்சிராவைக் கிள்ளிப் பருப்பைச் சுருட்டித் தங்கையின் வாயருகே நீட்டினாள். 'குர்ஷா' என்னும் அன்பு உபசாரம் அது. மறுத்தால் மனம் நோகும். வீட்டில் தன் தம்ளரைப் பிறர் தொட்டாலே முகம் சுளிக்கும் தங்கை ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அடுத்த கவளத்துக்கு என்னைப் பார்க்கவே இல்லை!