பி பக்கம்

அலமாரியின் கீழ்த்தட்டில் 17 கேசட். போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை.

90 நிமிட நாடா. பக்கத்துக்கு 45. பத்துப் பாட்டு அடங்கும் என்று கணக்குப் போடுவேன். பத்தாவது எப்போதும் கடைசிச் சரணத்தில் அறுந்து போகும்.

இன்றைக்கு முழுசாகக் கேட்டாலும் அந்த இடத்தில் காது ஒரு கணம் தயங்குகிறது.

சிரம்பான் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். கூட்டாளிக்கு என்றால் கடைக்குக் கொடுக்க மனசு வராது.

ரேடியோ ஆறு. மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறாத காலம். ரெண்டு பொத்தானிலும் விரல் தயார். அறிவிப்பாளர் பேசி முடிக்கவேண்டும். முடிக்கமாட்டார்.

இல்லாவிட்டால் இரவல் பெட்டி ஒன்று, எங்கள் பெட்டி ஒன்று, எதிரெதிரே. எல்லாரையும் வாயை மூடச் சொல்லி. லயத்தில் யார் மூடுவார்கள்? சேவல். பக்கத்து வீட்டுக் குழாய். "பசியாறிட்டுப் பாட்டு கேளுடா." அம்மா.

அந்த நாடா கூட்டாளியிடம் இருக்கிறது.

பிலிப்ஸ் கம்பெனியின் லூ ஓட்டன்ஸ், கேசட்டின் அளவு தெரிய ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்தாராம். கேசட் 1963ல் வந்தது. மரத்துண்டு, கார் டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு முட்டுக்கொடுத்ததில் போய்விட்டதாம்.

அம்பாங்கானில் போட்டால் புக்கிட் பூத்துஸ் வளைவெல்லாம் ஏறி இறங்கி, கோலாப்பிலா வரும்போது ஏ பக்கம் முடியும். ஏறக்குறைய.

மேலே பதியாமலிருக்கக் கேசட்டின் காதை உடைத்துக் கொடுப்பேன். ஒருமுறை திரும்பி வந்தது. உடைத்த ஓட்டையில் செலோடேப். உள்ளே அவன் தங்கச்சிக்குப் பிடித்த பாட்டுகள். நன்றாகத்தான் இருந்தன.

பிறகு சிடி. எம்பி3 என்றால் ஒன்றில் நூற்றைம்பது பாட்டு. நூற்றைம்பதைப் பொறுக்கி எடுப்பதாவது. அள்ளிப் போட்டதுதான்.

புளூடூத். ஒரு பாட்டு ஏறும்வரை ரெண்டு கைப்பேசியும் தலையோடு தலை. அதுவரை பேச ஏதாவது வேண்டும். பேசினோம்.

ஸ்பாட்டிஃபை இங்கே மலேசியாவில் 2013ல். இந்தியாவில் 2019ல். இடையில் திருச்சி மாமா மகனுக்கு ஒரு பட்டியல் அனுப்பினேன். திறக்கவில்லை என்றான். எல்லாம் அவன் ஊர்ப் பாட்டு.

2021ல் பிளெண்ட். ரெண்டு பேர் ரசனை எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று சொல்லும். எனக்கும் கூட்டாளிக்கும் 58. ஐயரிடம் பொருத்தம் பார்த்திருந்தால் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்.

பொதுப் பட்டியலில் 214 பாட்டு. கலைத்துப் போட்டுத்தான் கேட்கிறோம். எது முதலில், எது கடைசியில்? தெரியாது.

புலனத்தில் அவனைக் கேட்டேன், கேசட் பெட்டி இருக்கிறதா என்று. ஓடுகிறதாம். பெல்ட் மட்டும் தளர்ந்துவிட்டது. எல்லாரும் கொஞ்சம் இழுத்துத்தான் பாடுகிறார்களாம்.

சேவல்கூட.