வாசலில் சொட்டிய டீசல்

லாரியில் டீசல் ஒழுகுவதற்கும் பெண்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சகோதரிகளே! சொந்த லாரியை நம்பிப் பிழைக்கிற வீட்டில், வண்டி படுத்தால் அடுப்பும் படுத்துவிடும்.

காரைக்காலில் திருநள்ளாறு போகும் சாலைப் பக்கம் எங்கள் வீடு. எங்க வீட்டுக்காரர் ஓட்டுவது 1996-ம் வருட மாடல் லாரி. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை, மற்ற நாட்களில் செங்கல், ஜல்லி என்று ஓடும். பிள்ளைகள் இருவரின் படிப்புச் செலவும் அதிலிருந்துதான்.

2019-ம் வருடம் தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்தது. அந்தச் சமயம் பார்த்து வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிவிடும். கூடவே வாசலில் ஒரே டீசல் வாடை.

"ஏங்க, வண்டியில எங்கேயோ ஒழுகுது. பாருங்களேன்."

"பழைய வண்டின்னா நாலு சொட்டு விழத்தான் செய்யும். நம்ம ஊர்லதான் டீசல் சல்லிசாச்சே!" என்று சிரித்தார்.

புதுச்சேரி மாநிலத்தில் வரி குறைவு என்பதால், பக்கத்துத் தமிழ்நாட்டைவிட இங்கே டீசல் விலை கொஞ்சம் மட்டுதான். அதற்காக மண்ணுக்கா வார்ப்பது? நொடிக்கு ஒரு சொட்டு என்று விடாமல் விழுந்தால், ஒரு நாளில் லிட்டர் கணக்கில் போய்விடும்.

அன்று ராத்திரி எஞ்சினுக்கு அடியில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, கல்லை வைத்தேன். காலையில் ஒரு தாளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அதைக் கொண்டுபோய் எங்களுக்குப் பழக்கமான பட்டறை பாயிடம் காட்டினேன்.

"நல்ல வேலை செஞ்சே, தங்கச்சி. ஆனா ஒண்ணு. சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற. மேலே கசிஞ்சு, பைப்பு வழியா ஓடி வந்து கீழே சொட்டும்" என்றார்.

கையோடு வீட்டுக்கு வந்தார். முதலில் டீசல் ஃபில்டர், பைப்புகள் எல்லாவற்றையும் துணியால் ஈரமில்லாமல் துடைத்தார். பிறகு, "பிள்ளைக்குப் போடுற பவுடர் இருக்கா?" என்றாரே பார்க்கலாம்! இணைப்புகளின் மேல் பவுடரைத் தூவிவிட்டு வண்டியை ஓடவிட்டார். இரண்டே நிமிஷம். ஃபில்டரின் தலைப் பக்கத்தில் ஒரு போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பவுடர் நனைந்து கறுத்தது. திருடன் அகப்பட்டான்!

அந்த போல்ட்டின் இரண்டு பக்கமும் செப்பு வாஷர் இருக்கும். செம்பு மெத்தென்று இருந்தால்தான் நசுங்கி இடுக்கை அடைக்கும். பல தடவை முறுக்கினால் அது இறுகி, கெட்டியாகிவிடும். அவசரத்துக்குப் புது வாஷர் கிடைக்காவிட்டால், பழையதையே சிவக்கக் காய்ச்சி ஆறவைத்துப் போடுவார்களாம். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். செம்போ அப்படித் தோய்த்தாலும் இளகியே இருக்கும். பாயிடம் புது வாஷர்களே இருந்தன. போட்டார், சொட்டு நின்றது.

ஆனால் மறுநாள் காலையும் வண்டி கிளம்பவில்லை!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. திருநள்ளாறு பக்கம் களத்தில் மூட்டைகள் காத்துக் கிடக்கின்றன. இவரோ பேட்டரியை மாற்றக் கடன் கேட்கக் கிளம்பிவிட்டார். பாய்தான் தடுத்தார்.

"அவசரப்படாதே, தம்பி. வெளியே ஒழுகுறது ஒரு வகை. உள்ளே காத்து இழுக்கிறது இன்னொரு வகை."

டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுப்பது ஃபீட் பம்ப். உறிஞ்சுகிற பக்கத்துப் பைப்பில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், தெரியும்! ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது, பைப்பில் உள்ள டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்புக்குக் கிடைப்பது வெறும் காற்று. ஒரு சொட்டும் கீழே விழாததால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி டியூபைச் சொருகி, கைப்பம்பை அடித்தார். டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. பைப்பைத் தடவிக்கொண்டே போனதில், சட்டத்தோடு பிடித்திருந்த கிளிப்புக்கு அடியில் துருவேறி, உரசி உரசி, ஊசிமுனை அளவு ஓட்டை. கடற்காற்று ஊரில் இரும்புக்கு ஆயுசு கொஞ்சம்தானே! பைப்பை மாற்றி, கிளிப்புக்குள் ரப்பர் வைத்துக் கட்டினார். பிறகு ஃபில்டரில் காற்று எடுக்கும் திருகைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை கைப்பம்பை அடித்து, திருகை இறுக்கினார். மறுநாள் விடியற்காலை ஒரே செல்ஃபில் வண்டி உறுமியது. பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. கடனும் மிச்சம்.

வண்டி உள்ள வீட்டுச் சகோதரிகளுக்கு, பாயும் டாக்டர்களும் சொல்கிற மூன்று எச்சரிக்கைகள்:

ஒன்று. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் மெல்லிய எஃகுக் குழாய்களில் ஒழுக்கு என்றால், ஓடும் எஞ்சினில் கையை வைத்துத் தேடவே கூடாது. பழைய வண்டியிலேயே அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவுக்கு அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது 2 கிலோ சொச்சம்தான். ஊசிபோலப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்வைக்குச் சின்னப் பொட்டுதான், வலிகூட அதிகம் இராது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே இழக்க நேரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் பாய்ந்தது" என்று சொல்லவேண்டும். இப்போது வரும் புது வண்டிகளில் அழுத்தம் இன்னும் பல மடங்கு. அவற்றைத் தெரிந்த பட்டறையில்தான் பார்க்கவேண்டும்.

இரண்டு. வடித்த டீசலைச் சோடா பாட்டில், தண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது! வாந்தியோடு டீசல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உப்புக் கரைசல், மோர் என்று கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மூன்று. டீசல் பெட்ரோல்போலப் பட்டென்று பற்றாதுதான். ஆனால் கொதிக்கிற புகைக்குழாயில் தெறித்தாலோ, துணியில் ஊறியிருந்தாலோ எளிதாகப் பிடித்துக்கொள்ளும். டீசல் துணியை அடுப்படிப் பக்கம் கொண்டுவராதீர்கள். டீசல் நனைந்த சட்டையை உடனே கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அரிப்பும் வெடிப்பும் வரும்.

இன்றைக்கும் வாரம் ஒரு ராத்திரி எங்கள் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரிகிறது. அதை விரிப்பது இப்போது அவர்தான்!