சாரலும் ஒரு கம்பியும்

குற்றாலம் செல்வோர்க்குக் காரில் ஏஸி எதற்கு என வினவுவாருளர். ஆடிச் சாரலில் ஐந்தருவிச் சாலையிற் சென்றார் அங்ஙனம் வினவார். முன்கண்ணாடியின் உட்புறம் படியும் ஈரத்தைப் போக்கி வழிகாட்டுவது அதுவே. சென்ற ஆடியில் யாம் நால்வர் ஊர்ந்த காரில் அது நின்றது. கண்ணாடி வெளுத்தது, எதிர்வந்த பேருந்து மிக அணுகிய பின்னரே புலப்பட்டது. நடுக்கத்தோடு தென்காசி சேர்ந்தோம்.

அங்கே எலெக்ட்ரீஷியன் ஒருவர் பியூஸைப் பார்த்தார், பழுதில்லை. ரிலேயை மாற்றினார், பயனில்லை. வாயு குறைந்தால் அழுத்த ஸ்விட்சு மின்சாரத்தைத் தானே தடுக்குமாதலின் அழுத்தத்தையும் அளந்தார், அதுவும் செவ்வையே. கம்ப்ரஸரை இன்ஜினோடு பிணைக்கும் காந்தக் கிளச்சுக்கு 12 வோல்ட் வந்தது. ஆயினும் கிளச் பற்றவில்லை. (1939இல் பாக்கார்டு நிறுவனத்தார் வெளியிட்ட ஏஸிக் காரில் இக்கிளச்சே இல்லை, குளிரை நிறுத்தப் பெல்ட்டைக் கழற்றவேண்டும்!)

“வந்த கரண்டு திரும்பிப் போக வழி எங்கே, தம்பி?” என்றார். அவ்வினா எமக்கு மிக இனித்தது. கிளச்சின் எர்த் முனைக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தார். ஏறக்குறைய சுழியம் காட்டவேண்டியது 9 வோல்ட் காட்டிற்று. எர்த் கம்பி காரின் உடலோடு பொருந்துமிடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் திருகாணியை இறுக்கினார். ‘டக்’ என்று கிளச் பற்றிற்று. கண்ணாடியின் வெளுப்பு ஓரத்தினின்று விலகலாயிற்று.